பேரனின் கற்பனைப் பேரரசும் நம்ம சேந்தமங்கலமும்



விடுமுறைக்கு வந்த பேரன் நான்கு நாளாக ஒரு நோட்டில் பேரரசு ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறான். கதை எழுதப் போகிறானாம். ஆறு, மலை, கோட்டை எல்லாம் போட்டாகிவிட்டது. நடுவில் சக்கரவர்த்தி, சுற்றிலும் பன்னிரண்டு சிற்றரசர்கள். ஒவ்வொருவருக்கும் தனி நாடு, தனிப்படை, தனிக்கொடி. "தாத்தா, இது சரியா வருமா?" என்று கேட்டான். "வரும்டா. ஆனா உன் சக்கரவர்த்தியை எந்த சிற்றரசன் பிடிச்சு உள்ளே வைப்பான்?" என்றேன். விழித்தான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் நிலமானிய முறை என்றால் ஐரோப்பாவைத்தான் காட்டுவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் உளுந்தூர்பேட்டை வட்டத்திலேயே கெடிலக் கரையில் சேந்தமங்கலம் இருக்கிறது. ஒரு சோழச் சக்கரவர்த்தி சிறையிருந்த ஊர் அது.

முதலில் ஆட்சி முறை. சோழ நாடு மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்று பிரிக்கப்பட்டிருந்தது. முதலாம் ராஜராஜன் நிலத்தை அளந்தான், வரியைக் கணக்கெழுத வைத்தான், தன் அதிகாரிகளை நாடெங்கும் அமர்த்தினான். அவன் காலத்தில் பழைய சிற்றரசர்களின் பெயர்கள் கல்வெட்டுகளில் குறைந்துபோகின்றன. முதலாம் குலோத்துங்கனுக்குப் (1070–1122) பிறகு அவர்கள் மறுபடியும் தலை தூக்குகிறார்கள். வடக்கே சம்புவராயர், கிளியூரில் மலையமான், மேற்கே வாணகோவரையர், நம் திருமுனைப்பாடி நாட்டில் காடவராயர்.

இவர்கள் கையில் அதிகாரம் எப்படி வந்தது? ஒரு வழி, பாடிகாவல். ஊர்களைத் திருடனிடமிருந்தும் கொள்ளைக்காரனிடமிருந்தும் காப்பது அந்த வேலை. அதற்கு ஊரார் ஒரு வரி கொடுப்பார்கள், அதற்கும் பாடிகாவல் என்றே பெயர். காவலுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும், சோற்றுக்கு வரி வேண்டும். வரி அரசனுடைய கருவூலத்துக்குப் போகாமல் காவல்காரத் தலைவனிடமே தங்கிவிட்டால், அந்த ஆட்கள் யாருடைய படை? இரண்டு மூன்று தலைமுறையில் அந்தக் காவல் தலைவன் சிற்றரசன் ஆகிவிடுகிறான். காடவராயர்கள் அப்படி வளர்ந்தவர்கள். பிறகு தங்களைப் பல்லவர் வழியினர் என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சிற்றரசர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். உன் பகைவன் என் பகைவன், உன்னை விட்டு நான் போகமாட்டேன் என்கிற மாதிரி உடன்படிக்கைகள். அவற்றைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். மேலே சக்கரவர்த்தி ஒருவன் இருக்கும்போதே கீழே இருப்பவர்கள் தனியாகக் கூட்டணி போடுகிறார்கள் என்றால், நிலைமை எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான், 1216-இல், மூன்றாம் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தான். தெற்கே பாண்டியனின் கை ஓங்கிவிட்டது. அவனுக்குக் கட்டிவந்த திறையை ராஜராஜன் நிறுத்தினான். போர் மூண்டது, தோற்றான், தலைநகரை விட்டு வடக்கு நோக்கி ஓடினான். வழியில் காத்திருந்தது அவனுடைய சிற்றரசனான காடவராயன் கோப்பெருஞ்சிங்கன். தெள்ளாற்றில் சோழனைத் தோற்கடித்துச் சிறைபிடித்ததாகக் காடவனின் வயலூர்க் கல்வெட்டே பெருமையாகச் சொல்கிறது. கொண்டுபோய் அடைத்த இடம் நம் சேந்தமங்கலம்.

மீட்க யார் வந்தது? சோழனின் மற்ற சிற்றரசர்கள் அல்ல. துவாரசமுத்திரத்திலிருந்து போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன். கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலில் இந்தக் கதை முழுவதும் கல்வெட்டாக இருக்கிறது. சோழனை மீண்டும் நிலைநிறுத்தாமல் எக்காளம் ஊத விடமாட்டேன் என்று புறப்பட்டானாம் நரசிம்மன். அப்பண்ணன், சமுத்திர கொப்பய்யன் என்ற இரண்டு தளபதிகளை அனுப்பினான். அவர்கள் நேராகச் சேந்தமங்கலம் கோட்டைக்கு வரவில்லை. கோப்பெருஞ்சிங்கனுக்கும் அவன் ஆட்களுக்கும் சோறு போடும் ஊர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார்கள். பயிரை அழித்தார்கள், ஊர்களைக் கொளுத்தினார்கள், பெண்களைப் பிடித்தார்கள். கல்வெட்டு இதை வெற்றியாகத்தான் எழுதுகிறது. கடைசியில் சேந்தமங்கலத்தை முற்றுகையிடத் தயாரானபோது, கோப்பெருஞ்சிங்கன் சோழனை விட்டுவிடுவதாகச் சொல்லியனுப்பினான். 1231–32-இல் ராஜராஜன் விடுதலையானான்.

இங்கே பேரன் குறுக்கிட்டான். "தாத்தா, அந்த ஊர்க்காரங்க யார் பக்கம்?"

நாற்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் கேட்க வைத்ததில்லை. கடமை, குடிமை, பாடிகாவல், கூலியில்லாத வெட்டி வேலை எல்லாம் கொடுத்தவர்கள் அவர்கள். காவல் வரி கட்டினார்கள், ஆனால் நெருப்பு வைத்தபோது காவல் வரவில்லை. வரி வாங்கியவன் கோட்டைக்குள் இருந்தான்.

அதே காலத்தில் வெளியே பாருங்கள். 1215-இல் இங்கிலாந்தில் பிரபுக்கள் ஜான் மன்னனை மடக்கி மாக்ன கார்ட்டாவில் முத்திரை வைக்க வைத்தார்கள். அங்கேயும் சிற்றரசர்கள் அரசனை எதிர்த்தார்கள்தான். ஆனால் அங்கே மிஞ்சியது ஒரு சாசனம், அரசனும் சட்டத்துக்கு உட்பட்டவன் என்ற எண்ணம். இங்கே அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஜப்பானில் தோக்குகாவா ஆட்சியாளர்கள் 1635-இல் வேறு வழி கண்டார்கள். சிற்றரசன் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் தலைநகர் எடோவில் வந்து இருக்க வேண்டும், மனைவி மக்கள் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். போகவர ஆகும் செலவிலேயே அவன் கஜானா கரைந்துவிடும். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்த ஏற்பாடு நின்றது.

கோப்பெருஞ்சிங்கனை வெறும் துரோகி என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. தந்தை, மகன் என இரண்டு கோப்பெருஞ்சிங்கர்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சகலபுவனச் சக்கரவர்த்தி என்று பட்டம் சூடினார்கள். பரதம் வல்ல பெருமாள் என்றும் ஒரு பட்டம் உண்டு. சிதம்பரம் நடராசர் கோயில் கோபுரப் பணிகளில் அவர்கள் பெயர் நிற்கிறது. ஆந்திரத்துத் திராட்சாராமம் வரை அவர்கள் கல்வெட்டு இருக்கிறது. சேந்தமங்கலம் ஆபத்சகாயேசுவரர் கோயிலில், தட்டினால் ஓசை தரும் கல் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். குதிரை அன்றைக்குச் சாதாரண விஷயமல்ல. பாண்டிய நாட்டில் அரபு நாட்டுக் குதிரைக்குக் கொட்டிக் கொடுத்த பொன்னைப் பற்றி மார்க்கோ போலோ வியந்து எழுதியிருக்கிறார். அந்தப் பொன்னும் வயலிலிருந்து வந்ததுதான்.

முடிவு என்ன? உதவிக்கு வந்த போசளர்கள் திருச்சி அருகே கண்ணனூரில் தங்கிவிட்டார்கள். சடையவர்மன் சுந்தரபாண்டியன் (1251-இல் பட்டம்) சேந்தமங்கலத்தைத் தாக்கி, யானை குதிரை செல்வமெல்லாம் எடுத்துக்கொண்டு, காடவனை மறுபடியும் தனக்குக் கீழே அமர்த்தினான். 1279-ஓடு கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனும் காடவராயரும் ஒருசேர வரலாற்றிலிருந்து மறைகிறார்கள். ஆண்டவனும் நிலைக்கவில்லை, அவனைச் சிறைவைத்தவனும் நிலைக்கவில்லை.

ஆகவே பேரனிடம் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னேன். வரி நெல் யார் களஞ்சியத்தில் இறங்குகிறது? படைவீரன் யார் கையால் சம்பளம் வாங்குகிறான்? இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டால் எந்த ஊர் எரியும்? இதற்குப் பதில் எழுதிவிட்டு அப்புறம் கொடிக்கு வண்ணம் தீட்டு என்றேன். மூன்றாவது கேள்விக்காக அவன் வரைபடத்தில் ஊர்ப் பெயர்களைப் போட ஆரம்பித்திருக்கிறான். இதுவரை கோட்டைகளுக்கு மட்டும்தான் பெயர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனைச் சேந்தமங்கலம் அழைத்துப் போகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கோயிலைப் பார்த்திருக்கிறார்கள்? நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஒருமுறை போய் வாருங்கள். குதிரைகளைக் கல்லால் அடிக்க வேண்டாம், விரலால் தட்டினாலே போதும்.