வாகன உட்கூரை விளக்கு: ஒயரிங்கும் பொருத்தலும் எளிதான விதம்

காரின் உட்கூரையில் பொருத்தப்படும் விளக்கை ரூஃப் லைட், கேபின் லைட், டோம் லைட் என்று பலவாறு சொல்கிறார்கள். வண்டியின் மின்சாதனங்களில் இது மிகச் சாதாரணமானது: ஒரு சிறு பல்பு, ஒரு சுவிட்ச், மூன்று ஒயர். தயாரிப்பாளருக்கு இது தரும் தொல்லை மட்டும் சாதாரணமல்ல. ஒயர் டாஷ்போர்டின் கீழிருந்து கண்ணாடித் தூண் வழியாக ஏறி, கூரைத் தகரத்துக்கும் உட்கூரைக்கும் இடையில் ஓடி வர வேண்டும். தொழிலாளி கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி, பாதி கண்ணில் படாத இடத்தில் அதை இணைக்க வேண்டும். இந்த வேலையைக் குறைக்க உட்கூரையின் அமைப்பிலும், ஒயரிலும், விளக்கிலும் மாற்றங்கள் வந்தன. வேலை ஒழிந்துவிடவில்லை, கூரையிலிருந்து மேசைக்கு இறங்கியது, அவ்வளவுதான்.

பழைய சுற்று

கார்களில் மின்னழுத்தம் 12 வோல்ட். லாரி, பேருந்துகளில் பெரும்பாலும் 24 வோல்ட். கூரை விளக்குக்கு ஃபியூஸ் வழியாக ஒரு பாசிட்டிவ் ஒயர் வரும். சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிய வேண்டும் என்பதால் இதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். இரண்டாவது ஒயர் எர்த். மூன்றாவது கதவுச் சுவிட்சிலிருந்து வருவது. விளக்கிலேயே உள்ள சிறு சுவிட்சுக்கு மூன்று நிலைகள்: அணைந்திருப்பது, தொடர்ந்து எரிவது, கதவைத் திறந்தால் மட்டும் எரிவது.

கதவுச் சுவிட்சைப் பல கார்களில் எர்த் பக்கத்தில் வைத்தார்கள். அதில் ஒரு சிக்கனம் இருந்தது. கதவுத் தூணில் ஒற்றைத் திருகால் முடுக்கப்படும் சுவிட்சின் உலோக உடலே தகரத்தைத் தொட்டு எர்த் ஆகிவிடும். ஆகவே சுவிட்சுக்கு ஒரே ஒயர் போதும். நான்கு கதவுகளின் ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து விளக்குக்கு அனுப்பிவிடலாம். இவ்வளவு மலிவான எளிமையாக்கம் பிறகு வரவில்லை என்றே சொல்ல வேண்டும். திருகு துருப்பிடித்தால் அந்தக் கதவைத் திறக்கும்போது மட்டும் விளக்கு எரியாது. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கியே பல புகார்களைத் தீர்த்துவைத்தார்கள். ஃபோர்டின் பழைய அமெரிக்க கார்கள் பலவற்றில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கத்தில் இருந்தது. அங்கே சுவிட்சுக்கு இரண்டு ஒயர் போக வேண்டும்.

எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று டாஷ்போர்டில் தனித்தனியே காட்ட வேண்டி வந்தபோது ஒயர்களை அப்படியே ஒன்றாக முறுக்க முடியாமல் போயிற்று. ஒரு கதவின் சைகை இன்னொன்றுக்குள் புகாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு டையோடு சேர்த்தார்கள்.

பல்பு இரண்டு வகை. இரு முனையிலும் உலோக மூடி கொண்ட குழாய் வடிவப் பல்பு 31, 36, 41 மில்லிமீட்டர் நீளங்களில், 5 அல்லது 10 வாட்டில் வரும். இரண்டு ஸ்பிரிங் தகடுகளுக்கு இடையே இடுக்கி வைக்க வேண்டும். மற்றது உலோக மூடியே இல்லாத, அடிக் கண்ணாடியைச் சொருகும் 5 வாட் பல்பு.

சிரமம் எங்கே

மின்சார அளவில் இந்த விளக்கு ஒரு பொருட்டே அல்ல. 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் எடுப்பது சுமார் 0.42 ஆம்பியர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.037 ஓம், நான்கு மீட்டர் ஓடினாலும் வழியில் குறையும் அழுத்தம் 0.06 வோல்ட்தான். இதைவிட எவ்வளவோ மெல்லிய ஒயரும் இந்த மின்சாரத்தைத் தாங்கும். ஆனால் மெல்லிய ஒயர், ஒயர்களை ஹார்னெஸாக (ஒரே கட்டாக) கட்டும்போது அறுந்துவிடும். இழுத்தால் கிரிம்ப் செய்த (உலோக முனையில் நசுக்கிப் பிடித்த) இடத்தில் கழன்றுவிடும். கூரை விளக்கின் ஒயர் தடிமனைத் தீர்மானித்தது ஆம்பியர் கணக்கு அல்ல, அதைப் பிடித்து இழுக்கும் கை.

அசெம்ப்ளி லைனில் சிரமம் இன்னும் தெளிவாகத் தெரியும். தூண் வழியே ஒயரை இழுத்து, கூரைத் தகரத்தில் கிளிப் போட்டு நிறுத்தி, உட்கூரையை மேலே ஏற்றி, அதிலுள்ள ஓட்டை வழியாக ஒயர் நுனியை வெளியே எடுக்க வேண்டும். பிறகு விளக்கின் கனெக்டரில் சொருகி, விளக்கை ஓட்டைக்குள் வைத்து இரண்டு திருகு முடுக்கி, பல்பு போட்டு, கண்ணாடி மூடியை அழுத்த வேண்டும். ஒயர் நுனி ஓட்டைக்குள் விழுந்துவிட்டால் உட்கூரையைத் திரும்ப இறக்க வேண்டும். விளக்கைத் தாங்கும் பிராக்கெட் தகரத்தில் இருக்கிறது. ஓட்டையோ உட்கூரையில் இருக்கிறது. இரண்டும் சில மில்லிமீட்டர் விலகினால் திருகு ஏறாது, அல்லது விளிம்பில் இடைவெளி தெரியும்.

ஒரு பொருளில் உண்மையில் எத்தனை பாகம் தேவை என்று கணக்கிடும் முறையொன்றை ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டியூஹர்ஸ்டும் 1980களில் பரவலாக்கினார்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1991இல் இவர்களுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து மூன்று கேள்வி கேட்கச் சொன்னார்கள். மற்ற பாகங்களை விட்டு அது நகர வேண்டுமா? வேறு பொருளால் ஆகியிருக்க வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைச் சேர்க்கவோ பிரிக்கவோ முடியாமல் போகுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பாகத்தை இன்னொன்றோடு சேர்த்துவிடலாம். பழைய கூரை விளக்கில் சுவிட்சின் நகரும் துண்டு முதல் கேள்வியில் தப்பும். பல்பும் மின்முனைத் தகடுகளும் அடுத்த இரண்டில் தப்பும். திருகுகள் மூன்றிலும் தோற்கும். கூரை விளக்கிலிருந்து முதலில் காணாமல் போனது திருகுதான். விளக்கின் உடலோடு வார்த்த பிளாஸ்டிக் கொக்கியும், கொஞ்சம் அசைந்து கொடுக்கும் ஸ்பிரிங் கிளிப்பும் அதன் இடத்துக்கு வந்தன. ஒரு தள்ளு, ஒரு 'டிக்' சத்தம், வேலை முடிந்தது. அசைந்து கொடுக்கும் கிளிப் பிராக்கெட்டுக்கும் ஓட்டைக்கும் இடையிலான சிறு விலகலையும் ஏற்றுக்கொள்ளும்.

கனெக்டரைத் தலைகீழாகச் சொருக முடியாதபடி பக்கத்தில் ஒரு விளிம்பு வைப்பதும் இதே காலத்து வழக்கம். தவறு செய்யவே இடம் தராத இத்தகைய வடிவமைப்பை 1960களில் டொயோட்டா ஆலைகளில் ஷிகேயோ ஷிங்கோ ஒரு முறையாக வகுத்தார்.

உட்கூரையோடு வரும் ஹார்னெஸ்

பெரிய மாற்றம் விளக்கில் நடக்கவில்லை, உட்கூரையில் நடந்தது. துணியைத் தகரத்தோடு இழுத்துக் கட்டிய காலம் போய், நுரையும் கண்ணாடி இழையும் சேர்த்து அச்சில் வார்த்த ஒற்றைப் பலகையாக உட்கூரை மாறியது. பலகை என்றான பிறகு அதைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறத்தில் ஒயர் ஒட்டலாமே என்ற யோசனை தானாக வந்தது. இப்போது உட்கூரை தயாரிக்கும் சப்ளையரே ஹார்னெஸைச் சூடான பசையாலோ டேப்பாலோ பின்புறத்தில் ஒட்டி, விளக்குகள், சன் வைசர், கைப்பிடி, மைக் எல்லாவற்றையும் பொருத்தி, மின்சாரம் கொடுத்துச் சோதித்து அனுப்புகிறார். கார் ஆலையில் அதை முன்கண்ணாடி இன்னும் பொருத்தப்படாத திறப்பு வழியாக உள்ளே நுழைத்து மேலே ஏற்றி, முன் தூணருகே ஒரே ஒரு கனெக்டரைச் சொருகினால் போதும். இணைப்பு வேலையெல்லாம் இடுப்பு உயர மேசையில், வெளிச்சத்தில், கண்ணெதிரே முடிந்துவிடுகிறது. இந்தத் துறையில் நடந்தவற்றுள் மிகப் பயனுள்ள மாற்றம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். எல்ஈடி வருகைகூட இதற்கு அடுத்ததுதான்.

ஒயர் ஒட்டுவதில் இன்னொரு நன்மை, சத்தம் குறைவது. தொங்கும் ஒயர் மேடுபள்ளத்தில் தகரத்தில் தட்டும்; அதைத் தடுக்க முன்பு ஒயர் முழுக்க ஃபெல்ட் டேப் சுற்ற வேண்டியிருந்தது.

பலகைக்குப் பின்னால் இடம் குறைவு என்பதால் உருண்டை ஒயருக்குப் பதில் நாடா போன்ற தட்டை ஒயர் வந்தது. செம்புப் பட்டைகளைப் பிளாஸ்டிக் படலங்களுக்கு இடையே பக்கம் பக்கமாக வைத்து ஒட்டியது இது. யாஸாகி போன்ற ஜப்பானிய ஹார்னெஸ் நிறுவனங்கள் இங்கிருந்து ஒரு படி மேலே போயின. விளக்கையே இரண்டாகப் பிரித்தார்கள். பல்பு, சுவிட்ச், மின்முனைகள் அடங்கிய பகுதி உட்கூரையின் பின்புறத்தில் ஹார்னெஸோடு சேர்ந்துவிடும். பயணியின் கண்ணில் படும் சட்டமும் மூடியும் உள்ளிருந்து அழுத்தப்பட்டு, உட்கூரையை நடுவில் இடுக்கிக்கொண்டு முதல் பகுதியோடு பூட்டிக்கொள்ளும். பின்பகுதியின் மின்முனைகள் கத்தி போலப் பிளவுபட்டவை. ஒயரின் உறையைச் சீவாமல், கிரிம்ப் செய்யாமல், ஒயரை அதில் அழுத்தினாலே உறையைக் கிழித்துச் செம்பைக் கவ்விக்கொள்ளும். இடையில் கனெக்டரே தேவையில்லை. மாடலுக்கு மாடல் முன்சட்டத்தை மட்டும் மாற்றி, பின்பகுதியை எல்லாக் கார்களுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

ஒரே சைகை ஒயரில் பல விளக்கு

வரைபடம் படிக்கும் விளக்கு, பின் இருக்கை விளக்கு, டிக்கி விளக்கு, கால்மாட்டு விளக்கு என்று எண்ணிக்கை பெருகி, கதவை மூடியதும் அவை மெல்ல மங்கி அணைய வேண்டும் என்றும் ஆனபோது ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுப்பது கட்டுப்படியாகவில்லை. 1990களின் இறுதியில் ஆடி, பிஎம்டபிள்யூ, டெய்ம்லர்கிரைஸ்லர், வோக்ஸ்வேகன், வோல்வோ ஆகிய கார் நிறுவனங்கள் மோட்டோரோலா முதலியவற்றோடு சேர்ந்து லின் என்ற எளிய தகவல் இணைப்பை உருவாக்கின. வேகம் நொடிக்கு 20 கிலோபிட்தான். ஆனால் சைகைக்கு ஒரே ஒயர் போதும். ஒரு தலைமைக் கருவியின் கீழ் 15 துணைக் கருவிகள் வரை இயங்கலாம். பாசிட்டிவ், எர்த், லின் என மூன்று ஒயர் கூரை முழுக்கப் போனால், அந்த வரம்புக்குள் எத்தனை விளக்கு சேர்த்தாலும் ஒயர் எண்ணிக்கை கூடாது. கதவுச் சுவிட்சும் இப்போது விளக்கோடு பேசுவதில்லை. விளக்கு, கதவு போன்றவற்றைக் கவனிக்கும் பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற மின்னணுக் கருவியிடம் சொல்கிறது, அது விளக்கை ஏற்றுகிறது. யாராவது விளக்கை அணைக்க மறந்தால் சில நிமிடங்களில் தானே மின்சாரத்தைத் துண்டிப்பதும் அதுதான். பழைய சுற்றில் மறந்துபோன ஒரு 5 வாட் பல்பு ஒரு நாளில் பேட்டரியின் 10 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும்.

வண்ண விளக்குகளுக்கு, கட்டுப்பாட்டுச் சிப்பையும் எல்ஈடியையும் ஒரே உறைக்குள் வைக்கும் ஐசெலெட் என்ற ஏற்பாடு 2016இல் வந்தது. ஒரே வரிசையில் 4,079 எல்ஈடி வரை கோக்கலாம்.

எல்ஈடியே பாகங்களைக் குறைத்தது. ஸ்பிரிங் தகடு, பல்பு, வெப்பத்துக்காக விட்ட இடைவெளி எல்லாம் போய், ஒரு சிறு சர்க்யூட் போர்டு மட்டும் மிஞ்சியது. பல சமயம் சுவிட்சும் அந்தப் போர்டிலேயே தொடு சுவிட்சாக அமைந்துவிடுகிறது.

பேருந்து

பேருந்தின் கதை வேறு. கரூரில் கட்டப்படும் பேருந்துகளில் சேசிஸ் ஒரு நிறுவனத்திடமிருந்து வரும். கூடும் அதன் உள் ஒயரிங்கும் கூடு கட்டும் பட்டறையின் பொறுப்பு. ஆர்டருக்கு ஆர்டர் இருக்கை அமைப்பு மாறுவதால் கார் ஆலையைப் போல ஒரே ஹார்னெஸை ஆயிரக்கணக்கில் செய்துவைக்க இயலாது. இன்வெர்ட்டர் வைத்து 24 வோல்ட்டில் டியூப் லைட் எரித்த காலத்துக்குப் பின் எல்ஈடி பட்டைகள் வந்ததும் வேலை வெகுவாகக் குறைந்தது. அலுமினியச் சட்டத்துக்குள் பட்டையை ஓட்டி, லக்கேஜ் தட்டின் ஓரமாகவே ஒயரைக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

ஆனால் பேருந்தில் எளிமைக்கு ஓர் எல்லை உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் 107ஆம் ஒழுங்குவிதி, உள் விளக்குகளுக்குக் குறைந்தது இரண்டு சுற்றுகள் வேண்டும், ஒன்று பழுதானால் மற்றது பாதிக்கப்படக் கூடாது என்கிறது. எல்லா விளக்கையும் ஒரே ஃபியூஸில் கோப்பதுதான் எளிது. இருட்டில் நாற்பது பேர் இறங்க வேண்டிய நேரத்தில் அந்த எளிமை உதவாது.

பழுது பார்க்கையில்

ஆலைக்கு எளிதானது பட்டறைக்கு எளிதல்ல. பின்புறம் ஒட்டிய ஹார்னெஸில் ஒரு ஒயர் போனால் உட்கூரையையே இறக்க வேண்டும். அது சில கார்களில் முன்கண்ணாடியை எடுக்காமல் வெளியே வராது. பத்து ரூபாய் ஒயருக்கு ஒரு நாள் கூலி. போர்டோடு பற்றவைத்த எல்ஈடி போனால் பல்பு மாற்றும் கதையே இல்லை, விளக்கு முழுவதையும் வாங்க வேண்டும். கையால் கழற்ற முடிந்த பழைய பல்பு இந்த ஒரு விஷயத்தில் மேலானது.

டாஷ்கேம் பொருத்துவோர் அருகில் இருக்கிறதே என்று கூரை விளக்கின் ஒயரில் இணைப்பு எடுப்பது இப்போது சகஜம். பழைய சுற்றில் அது வேலை செய்யும். மாட்யூல் இயக்கும் கூரை விளக்கில் அந்த ஒயருக்கு மின்சாரம் துடிப்புகளாக வரலாம், சில நிமிடங்களில் நின்றும் போகலாம். கேமரா காரணமில்லாமல் அணைந்து எரியும். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது முன் தூணின் மேற்பகுதியிலிருந்து கூரையின் ஓரமாக மடிந்து கிடக்கும். புதிதாக இழுக்கும் எந்த ஒயரும் அதன் முன்பக்கமாகக் குறுக்கே போகக் கூடாது. ஏர்பேக்குக்குப் பின்னால், ஏற்கெனவே உள்ள ஹார்னெஸோடு சேர்த்துத்தான் கட்ட வேண்டும். கடையிலிருந்து வண்டியை எடுக்குமுன் தூணின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லி இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.