ஒரு பை, 32 கிராம் கோழி

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு சாப்பாட்டு டப்பாவோட பக்கவாட்டுல இருக்குற பொடி எழுத்துகளோட வரலாறு. டப்பாவுக்குள்ள இருக்குறது ஃப்ரோசன் சிக்கன் பாட் பை.

பைன்னதும் மஞ்சப்பையை நினைச்சுடாதீங்க. மைதாவுல கொழுப்பு சேர்த்துப் பிசைஞ்ச மேலோடு. அதுக்குள்ள கோழித்துண்டு, காரட், பட்டாணி, கெட்டியான வெள்ளை கிரேவி. அமெரிக்காவுல எந்த சூப்பர்மார்க்கெட் ஃப்ரீசரைத் திறந்தாலும் இது அடுக்கி வெச்சிருக்கும். நான் அங்க படிச்ச ரெண்டு வருஷமும் பாதி ராத்திரி இதுதான் என் சாப்பாடு. பெரிய சைஸ் வாங்குவேன். டப்பாவுல கலோரி 500ன்னு போட்டிருந்துச்சு. சரி, ரெண்டு தோசை, சட்னி அளவுதானேன்னு நிம்மதியா சாப்பிட்டேன். ஏழெட்டு மாசம் கழிச்சு ஒருநாள் ரூம்மேட் டப்பாவைத் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னான்: "டேய், மேல பாரு. இதுல ரெண்டு சர்விங்னு போட்டிருக்கு."

அதாவது நான் தினமும் சாப்பிட்டது 1,000. உப்பும் அதே மாதிரி ரெண்டு மடங்கு. ஒரு பையை எவன்டா பாதி தின்னுட்டு பாதியை எடுத்து வைப்பான்? இப்படி எழுதலாம்னு யார் சொன்னதுன்னு அன்னைக்குத் தேட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போகலாம். 1796ல அமீலியா சிம்மன்ஸ் எழுதிய 'அமெரிக்கன் குக்கரி' வெளிவந்துச்சு. ஒரு அமெரிக்கர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் புத்தகம்னு பொதுவா இதைச் சொல்றாங்க. அதுல சிக்கன் பை செய்முறை இருக்கு. ஒரு பெரிய பாத்திரத்துக்கு 6 கோழி, ஒன்றரை பவுண்டு வெண்ணெய். மெட்ரிக் கணக்குல வெண்ணெய் மட்டுமே கிட்டத்தட்ட 680 கிராம். அதனால "பாட்டி காலத்துப் பை ஆரோக்கியம், ஃப்ரீசர் பைதான் கெடுதல்"னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க. கொழுப்பு அப்பவும் இருந்துச்சு. மாறினது கோழியோட அளவு.

ஃப்ரீசருக்குள்ள பை வந்த கதைக்கு நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவுக்குப் போகணும். சுவீடன்ல இருந்து வந்த கார்ல் ஸ்வான்சன் அங்க வெண்ணெய், முட்டை, கோழி வியாபாரத்துல பெரிய ஆளா வளர்ந்தார். அவர் 1949ல இறந்ததும் மகன்கள் கில்பர்ட், கிளார்க் ரெண்டு பேரும் கம்பெனியை நடத்தினாங்க. 1951ல அவங்க ஃப்ரோசன் சிக்கன் பாட் பையைக் கடைக்குக் கொண்டுவந்தாங்க. ஊர் உலகம் பேசுற டிவி டின்னர் அதுக்குப் பிறகுதான் வந்துச்சு. கோழி வியாபாரிக்கு பை ஒரு வரப்பிரசாதம். முட்டையிட்டு ஓய்ஞ்ச கிழட்டுக் கோழியை முழுசா வெச்சா யாரும் வாங்க மாட்டாங்க. வேகவெச்சு, பிச்சு, கிரேவிக்குள்ள போட்டா வயசு தெரியாது. அந்தத் தொழில்ல பைக்கும் சூப்புக்கும் அந்தக் கோழிகள் போனது ஊரறிஞ்ச விஷயம்.

ஆனா ஒரு சிக்கல் இருந்துச்சு. கிரேவி. கோதுமை மாவு போட்டுக் கெட்டியாக்கின குழம்பை உறையவெச்சு எடுத்தா, தண்ணி தனியா கட்டி தனியா பிரிஞ்சுடும். மாவுச்சத்துல இருக்குற அமைலோஸ்ங்கிற பகுதி குளிர்ல ஒண்ணோட ஒண்ணு இறுகி, பிடிச்சுவெச்சிருந்த தண்ணியை வெளிய தள்ளிடுறதுதான் காரணம். கலிஃபோர்னியாவுல ஆல்பனிங்கிற ஊர்ல வேளாண்துறையோட ஆய்வுக்கூடம் ஒண்ணு இருக்கு. அங்க ஹெலன் ஹான்சனும் அவரோட வேலை பார்த்தவங்களும் 1950 வாக்குல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒட்டும் அரிசி மாவு! அந்த அரிசியில அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதனால உறைஞ்சு இளகினாலும் குழம்பு குழம்பாவே இருக்கும். மைதா பைக்குள்ள இப்படி அரிசி நுழைஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இன்னைக்கு டப்பாவுல 'மாடிஃபைட் ஸ்டார்ச்'னு போட்டிருக்கே, அதுவும் இதே வேலையைத்தான் செய்யுது.

இதுல கவனிக்கவேண்டியது என்னன்னா, கிரேவி நிலையா நின்னுட்டா அதுல எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாம். கோழி விலை ஜாஸ்தி, மாவும் தண்ணியும் மலிவு. அப்போ ஒரு பைக்குள்ள எவ்வளவு கோழி இருந்தா அதைச் 'சிக்கன் பை'ன்னு கூப்பிடலாம்?

1957ல கோழி இறைச்சிப் பொருட்கள் பரிசோதனைச் சட்டம் வந்துச்சு. அதன்கீழ் வந்த விதிகள்ல ஒரு எண் இருக்கு: 14 சதவீதம். பையோட மொத்த எடையில குறைஞ்சது அவ்வளவு வெந்த, எலும்பு நீக்கின கோழி இருக்கணும். அந்தக் காலத்து வழக்கமான பை 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம். அதுல 14 சதவீதம்னா 32 கிராம். உள்ளங்கையில வெச்சுப் பாருங்க, ரெண்டு வாய் கறி.

சத்துக் கணக்கா இதைப் போட்டுப் பார்க்கலாம். வெந்த கோழியில சுமார் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல புரதம். 32 கிராமுக்கு 9 கிராம் புரதம் வரும். ஒன்றரை முட்டை. டப்பாவுல இருக்குற மீதிப் புரதம் பெரும்பாலும் மேலோட்டு மைதாவுல இருந்து வருது. பேர் கோழியோடது, கலோரி மேலோட்டோடது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில கனெக்டிகட்ல வில்பர் அட்வாட்டர் போட்ட கணக்கு இது, இன்னைக்கும் லேபிளுக்கு அடிப்படை இதுதான். ஒரு சின்ன பையில கொழுப்பு 22 கிராம்னு வெச்சுக்கங்க. கொழுப்பே 198 கலோரி. 9 கிராம் கோழிப் புரதம் தர்றது 36.

இதெல்லாம் 1951ல வாங்குனவங்களுக்குத் தெரியாது. டப்பாவுல எண்ணே கிடையாது. 1973ல விரும்பினா போடலாம்னு ஆச்சு. கட்டாயமானது 1990ல புஷ், அதாவது அப்பா புஷ், கையெழுத்துப் போட்ட சட்டத்துக்கு அப்புறம்தான். கடைக்கு வந்து சேர்ந்தது 1994. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை வடிவமைச்சவர் பர்கி பெல்சர்.

இங்கதான் பைக்கு ஒரு வினோதமான நிலைமை. பொதுவா பாக்கெட் உணவு எல்லாம் உணவு மருந்து நிர்வாகத்தோட பொறுப்பு. இறைச்சியும் கோழியும் இருந்தா வேளாண்துறை. கோழி பை வேளாண்துறைக்குக் கீழ வரும், அதாவது விவசாயியோட பொருள் விக்கணும்னு பார்க்குற அதே துறை. 1992ல ரெண்டு துறைக்கும் பெரிய சண்டை. சுகாதாரத் துறையில லூயி சல்லிவன், வேளாண்மையில எட்வர்ட் மேடிகன். ஒரு நாள் சாப்பாட்டை 2,000 கலோரின்னு வெச்சு சதவீதம் போடுறதா, 2,500ன்னா? சின்ன விஷயம் மாதிரி தெரியும். 2,000ன்னா கொழுப்பு வரம்பு 65 கிராம், 2,500ன்னா 80. நம்ம 22 கிராம் பை முதல் கணக்குல 34 சதவீதம், ரெண்டாவதுல 27 சொச்சம். அதே பை, அதே கொழுப்பு. கடைசியில டிசம்பர்ல புஷ்ஷே உட்கார்ந்து 2,000ன்னு முடிவு பண்ணினார்.

சரி, என்னோட ரெண்டு சர்விங்? சர்விங் அளவை எடுத்தது 1977-78லயும் 1987-88லயும் நடந்த சாப்பாட்டு சர்வேக்கள்ல இருந்து. அப்ப ஜனங்க ஒரு வேளைக்கு இவ்வளவு தின்னாங்கன்னு ஒரு எண். பிறகு பை பெருசாச்சு, எண் அப்படியே நின்னுச்சு. அந்த எண்ணைவிட ரெண்டு மடங்குக்கு மேல பெருசா இருந்தா ரெண்டா வகுத்து எழுதிக்கலாம். நான் தேடின பதில் இதுதான். யாரும் பொய் சொல்லல. சட்டப்படி சரியா வகுத்துத்தான் போட்டிருந்தாங்க. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

2016ல உணவு மருந்து நிர்வாகம் இதை மாத்தினது. ரெண்டு சர்விங்குக்குக் கீழ இருந்தா ஒண்ணாவே போடணும். ரெண்டுல இருந்து மூணுவரைக்கும்னா முழுப் பாக்கெட் கணக்கையும் பக்கத்துல காட்டணும். வேளாண்துறை 2017ல தன் பங்குக்கு ஒரு முன்மொழிவு வெச்சது. இந்த மாற்றத்துல ஒரு சின்ன சோகமும் உண்டு. கட்டாயப் பட்டியல்ல இருந்து வைட்டமின் ஏயும் சியும் போய், டியும் பொட்டாசியமும் வந்துச்சு. பையில கொஞ்சம் பெருமைப்பட இருந்த ஒரே சமாச்சாரம் காரட் தர்ற வைட்டமின் ஏதான்.

மேலோட்டு கதையையும் சொல்லிடுறேன். பன்றிக் கொழுப்புக்குப் பதிலா ஹைட்ரஜன் ஏத்தின எண்ணெய் பல மேலோடுகளுக்கு வந்துச்சு. மலிவு, கெடாது. அதுல இருந்து வர்ற டிரான்ஸ் கொழுப்பு மனுஷ உடம்புத் திசுக்கள்ல சேருதுன்னு இல்லினாய் பல்கலைக்கழகத்து ஃப்ரெட் கும்மரோவும் சகாக்களும் 1957லயே, அதே கோழிச் சட்டம் வந்த வருஷமே, எழுதிட்டாங்க. டப்பாவுல டிரான்ஸ் கொழுப்புக்குத் தனி வரி 2006ல. கும்மரோ 2009ல மனு கொடுத்தார், பதில் வரலன்னு 2013ல அரசாங்கத்து மேல கேஸ் போட்டார், அப்ப அவருக்கு வயசு 98. 2015ல அந்த எண்ணெய் பாதுகாப்பானது இல்லன்னு நிர்வாகம் சொன்னது. கம்பெனிகளுக்கு 2018 ஜூன் வரைக்கும் டைம் கொடுத்தது. அவர் 2017 மே மாசம், 102 வயசுல, இறந்தார்.

அடுத்த வாரம் மைக்ரோவேவ். 2007ல இதே பாட் பை சரியா வேகாம 41 மாநிலத்துல 401 பேருக்கு சால்மொனெல்லா வந்த கதை. அதுவரைக்கும் யாராவது டப்பாவைத் திருப்பிப் பார்த்தீங்கன்னா, என்ன போட்டிருக்குன்னு எனக்கு எழுதுங்க.