லெந்து நாளில் இரண்டு சாசேஜ்

1522 மார்ச் 9, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. சூரிச்சில் அச்சகம் நடத்திவந்த கிறிஸ்டோஃப் ஃப்ரோஷாவரின் வீட்டில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தார்கள். ரொட்டி சுடுகிறவர்கள், கைவினைஞர்கள், இரண்டு மூன்று பாதிரிமார். காய்ந்த சாசேஜ் இரண்டை எடுத்து நறுக்கினார்கள். ஆளுக்குக் கிடைத்தது ஒரு சின்னத் துண்டு. வயிறு நிறைய அது போதாது, வழக்கு வர அது போதும். பங்கிட்ட விதத்தில் திருவிருந்தின் சாயலைக் காணும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. இருக்கலாம். நண்பர்கள் கூடிய வீட்டில் இரண்டே இரண்டு சாசேஜ் என்றால் வேறு எப்படித்தான் பங்கிடுவது?

எல்லோரும் தின்றார்கள், ஒருவரைத் தவிர. அவர் கிராஸ்மூன்ஸ்டர் கோயிலின் பாதிரியார் உல்ரிச் சுவிங்லி. நகரத்தில் சீர்திருத்தம் பேசியவர்களில் முதன்மையானவர், தட்டு தன்னிடம் வந்தபோது கையை நீட்டவில்லை.

அன்றைய லெந்து நோன்பு இன்றைய தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் நாற்பது நாள் கறி வாங்காமல் இருப்பதைப் போன்ற சொந்தத் தீர்மானம் அல்ல. திருச்சபைச் சட்டம் அது, நகர நிர்வாகமும் அதைக் காவல் காத்தது. இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாமே விலக்கு. மத்தியதரைக் கடலோரத்தில் இந்தச் சட்டம் பெரிய பாரமில்லை. ஆலிவ் எண்ணெய் தாராளமாகக் கிடைத்தது, மீனும் கிடைத்தது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஆலிவ் மரம் வளராது. பனிக்காலம் முடியும் அந்த வாரங்களில் ஏழை வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மாட்டுப்பால் தருவதுதான். தென்னாட்டு அடுப்புக்கு ஏற்ற நோன்பு வடநாட்டு வயிற்றின்மேல் ஏற்றப்பட்டிருந்தது.

இதற்கு ரோமாபுரி ஒரு வழி வைத்திருந்தது. காசு கட்டினால் விலக்குக் கிடைக்கும். வெண்ணெய்க் கடிதம் என்றே அதற்குப் பெயர். பிரான்சில் ரூவான் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தை இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்கிறார்கள். லெந்து நாளில் வெண்ணெய் தின்ன மக்கள் கட்டிய பணம் 1485 முதல் இருபது ஆண்டுகளாக அதன் கட்டுமானத்துக்குப் போயிற்று. 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட் சாக்சனி நாட்டுக்கு இப்படி ஒரு கடிதம் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஃப்ரைபெர்க் ஆலயப் பணிக்குப் பங்கு போனது. வெண்ணெய் தின்பது பாவமென்றால் காசு அதை எப்படிக் கழுவும்? பாவமில்லையென்றால் காசு எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்க இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. 1520-இல் ஜெர்மனியின் சீர்திருத்தவாதி லுத்தர் இதை அச்சிலேயே ஏற்றினார். நம் மக்களுக்கு நோன்பெண்ணெய் விற்கும் ரோமாபுரிக்காரர்கள் அதைத் தங்கள் செருப்புக்குக்கூடத் தடவமாட்டார்கள் என்று ஏளனம் செய்தார்.

சூரிச்சில் சாசேஜ் செய்தி பரவியதும் நகர மன்றம் விசாரணையில் இறங்கியது. வாக்குமூலங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்றே எசமான் சொல்லிச் சாசேஜ் சமைத்ததாக ஃப்ரோஷாவர் வீட்டு வேலைக்காரப் பெண் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை யார் யார் இருந்தார்கள், யார் தின்றார்கள், யார் தின்னவில்லை என்பதை ரொட்டிக்காரர் பார்த்லிமே பூர் விவரித்தார். இன்னொரு ரொட்டிக்காரர் ஹைன்ரிஷ் ஆபர்லியின் பெயரும் பட்டியலில் இருந்தது. இந்த இரண்டு பெயர்களும் பின்னால் மறுபடி வரும்.

ஃப்ரோஷாவர் எழுதிக் கொடுத்த விளக்கம் சுவையானது. அதில் பாதி வேதம், பாதி தொழில். ஃப்ராங்க்ஃபர்ட் சந்தைக்குள் பவுலின் கடிதங்கள் பற்றிய புத்தகம் அச்சாகி முடியவேண்டும். வேலையாட்கள் இரவும் பகலும், பண்டிகை நாளிலும்கூட உழைக்கிறார்கள். வெறும் கூழை ஊற்றி அவர்களிடம் அந்த வேலையை வாங்கமுடியாது. நாள்தோறும் மீன் வாங்கத் தம்மால் இயலாது. தேவன் விலக்காத உணவை மனிதன் விலக்குவது சரியா என்ற வாதம் அதோடு சேர்ந்து வருகிறது. உணவைக் கொண்டு யாரையும் நியாயந்தீர்க்காதே என்று கற்பித்த பவுலின் கடிதங்களை அச்சிடுகிற களைப்பில் இறைச்சி தின்றவர்மேல் வழக்கு! கதாசிரியன் புனைந்திருந்தால் நம்பமாட்டோம்.

தாம் தின்னாத சாசேஜுக்காகச் சுவிங்லி மார்ச் 23 அன்று பிரசங்க மேடை ஏறினார். அந்தப் பிரசங்கமே விரிவாகி, உணவைத் தெரிந்தெடுப்பதும் அதிலுள்ள சுதந்தரமும் பற்றிய சிறுநூலாக ஏப்ரல் 16-இல் வெளிவந்தது. அச்சிட்டவர், வேறு யார், ஃப்ரோஷாவர்தான். நூலின் சாரம் எளியது. நோன்பிருக்க மனமுண்டா, இரு. இறைச்சி வேண்டாமா, விடு. ஆனால் இன்னொரு கிறிஸ்தவனைக் கட்டாதே. ஓய்வாக உட்கார்ந்திருக்கிறவன் உடலை அடக்க உணவைக் குறைக்கட்டும், வயலில் மண்வெட்டியும் கலப்பையும் பிடிக்கிறவனுக்கு அந்த உழைப்பே அடக்கம் என்றும் எழுதினார். லெந்துச் சட்டம் யார் முதுகில் விழுகிறது என்பதை மலைக்கிராமத்தில் பிறந்த அவர் அறிந்திருந்தார்.

அப்படியானால் அவர் ஏன் தின்னவில்லை? பயந்தார் என்பவர்கள் உண்டு, பதவி காரணம் என்பவர்களும் உண்டு. நூலே வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. பழைய வழக்கத்தில் ஊறிய பலவீனமான சகோதரனுக்குத் தன் சுதந்தரம் இடறலாகக் கூடாது என்பது பவுல் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் சொன்னது. தின்னவும் உரிமை உண்டு, தின்னாமலிருக்கவும் உரிமை உண்டு என்று ஒரே நேரத்தில் காட்ட விரும்புகிறவர் பந்தியில் உட்காரவும் வேண்டும், தட்டைத் தொடாமலும் இருக்கவேண்டும். அந்த மாலையில் தின்றவர்களைவிடத் தின்னாதவரே கடினமான காரியத்தைச் செய்தார் என்றுதான் படுகிறது.

இதே ஞாயிற்றுக்கிழமை, இதே மார்ச் 9 அன்று, ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் லுத்தரும் மேடையேறியிருந்தார். அவர் மறைவிலிருந்த வார்ட்பர்க் கோட்டையை விட்டு மூன்று நாளுக்கு முன்தான் ஊர் திரும்பியிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் கார்ல்ஸ்டாட் முதலானவர்கள் ஆராதனையை ஒரேயடியாக மாற்றத் தொடங்கியிருந்தார்கள், ஊரில் கலவரமும் நடந்திருந்தது. எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்த லுத்தர் உணவையும் தொட்டார். தின்னக்கூடாது என்று போப் கட்டளையிட்டால் அந்தக் கட்டளையை எதிர்த்தே தின்னலாம். எதிரே இருப்பவர் அறியாமல் பழகிப்போன எளியவர் என்றால் விட்டுக்கொடுக்கவேண்டும். சுதந்தரத்தையே கட்டாயமாக்கினால் அதுவும் இன்னொரு சட்டம்தான் என்பது அவர் எச்சரிக்கை. சுவிங்லியும் லுத்தரும் பின்னாளில் திருவிருந்து விஷயத்தில் உடன்படாமல் பிரிந்தவர்கள். இந்த ஒரு காரியத்தில், ஒரே வாரத்தில், ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே இடத்துக்கு வந்திருந்தார்கள்.

ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் ஆயர் ஹூகோவின் தூதுக்குழு சூரிச் வந்தது. நகர மன்றம் நடுவழியைப் பிடித்தது. இப்போதைக்கு யாரும் தகுந்த காரணமில்லாமல் லெந்தில் இறைச்சி தின்னக்கூடாது, ஆனால் கிறிஸ்துவின் போதனைப்படி எது சரியென்று ஆயர் தெளிவுபடுத்தவேண்டும். மேலுக்கு ஆயருக்குச் சாதகமான தீர்ப்பு. உள்ளே பார்த்தால், இத்தனை நாள் உத்தரவிட்டுப் பழகிய ஆயரிடம் ஒரு நகரசபை விளக்கம் கேட்டிருக்கிறது.

அதே ஏப்ரலில், குருத்தோலை ஞாயிறன்று, பாசல் நகரத்துக்கு வெளியே ஒரு கூட்டம் பன்றிக்குட்டியைச் சுட்டுத் தின்றது. மீன் தம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அவதிப்பட்ட அறிஞர் எராஸ்மஸ், பாசல் ஆயருக்கு நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டார். சட்டத்தைத் தளர்த்துங்கள், ஆனால் அதை மாற்றவேண்டியவர்கள் நீங்கள், பன்றிக்குட்டி தின்னும் கும்பல் அல்ல என்பது அவர் நிலை. அறிஞர்களின் வழக்கமான நிலை அது.

1523 ஜனவரி 29 அன்று சூரிச் நகரசபை மாளிகையில் சுமார் அறுநூறு பேர் முன்னிலையில் விவாதம் நடந்தது. சுவிங்லி தம் கொள்கைகளை 67 கூற்றுகளாகத் தொகுத்திருந்தார். இருபத்து நான்காவது உணவைப் பற்றியது. தேவன் கட்டளையிடாத செயலுக்கு எந்தக் கிறிஸ்தவனும் கட்டுப்பட்டவன் அல்ல, எந்த உணவையும் எந்த நாளிலும் தின்னலாம், வெண்ணெய்க் கடிதங்கள் ரோமாபுரியின் ஏமாற்று என்றது அது. மன்றம் சுவிங்லியின் பக்கம் நின்றது. கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

1524 செப்டம்பர் 5 அன்று சூரிச்சிலிருந்து ஒரு கடிதம் புறப்பட்டது. ஜெர்மனியில் ஏழைகளின் பக்கம் நின்று பேசிய தாமஸ் மூன்ட்ஸருக்கு, சுவிங்லியின் பழைய மாணவர் கொன்ராட் கிரெபெல் எழுதியது. கீழே கையெழுத்திட்டவர்களில் ஃபெலிக்ஸ் மான்ஸ் இருக்கிறார். கூடவே பார்த்லிமே பூர், ஹைன்ரிஷ் ஆபர்லி. சாசேஜ் தின்ற அதே ரொட்டிக்காரர்கள். சுவிங்லி நகர மன்றத்தின் வேகத்துக்கு ஏற்ப நடக்கிறார், வேதத்தின் வேகத்துக்கு அல்ல என்பது இவர்கள் மனத்தாங்கல். வாளை எடுக்காதீர்கள் என்று மூன்ட்ஸரிடம் சொல்லும் கடிதம், ஆராதனையில் பாடுவதையும் விடச்சொல்கிறது. காரணம், புதிய ஏற்பாட்டில் அதற்குக் கட்டளை இல்லையாம்.

இங்கே ஒரு கணம் நிற்கவேண்டும். தேவன் கட்டளையிடாததைச் செய்யவேண்டிய கட்டாயமில்லை என்று சொல்லித்தான் இவர்கள் சாசேஜ் தின்றார்கள். இரண்டரை ஆண்டு கழித்து அதே வாக்கியம் தலைகீழாகிவிட்டது: தேவன் கட்டளையிடாததைச் செய்யவே கூடாது. முதல் வாக்கியம் கதவைத் திறந்தது, இரண்டாவது அதே கதவை வெளியிலிருந்து பூட்டியது. இந்தச் சறுக்கல் இவர்களுடையது மட்டுமல்ல. பல வாத்தியங்களை வாசிக்கத் தெரிந்த சுவிங்லியின் ஊரில் கிராஸ்மூன்ஸ்டரின் ஆர்கன் முதலில் மௌனமாக்கப்பட்டது. 1527-இல் உடைத்தே அகற்றப்பட்டது. காரணம் ஏறத்தாழ ஒன்றுதான்.

1525 ஜனவரியில் கிரெபெலும் நண்பர்களும் விசுவாசித்த பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கினார்கள். குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் இல்லை என்று அவர்கள் மனசாட்சி சொன்னது. ஆயரை எதிர்த்து மனசாட்சியைக் காத்த நகர மன்றம் இதைக் கலகமாகக் கண்டது. மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பவருக்கு நீரில் மூழ்கடிக்கும் தண்டனை என்று 1526 மார்ச் 7-இல் உத்தரவு போட்டது. 1527 ஜனவரி 5 அன்று ஃபெலிக்ஸ் மான்ஸைக் கைகளைக் கட்டி லிம்மாட் ஆற்றில் தள்ளினார்கள். எபிரேயம் கற்றவர், கிராஸ்மூன்ஸ்டர் குருவின் மகன், ஒரு காலத்தில் சுவிங்லியோடு உட்கார்ந்து வேதம் படித்தவர். சுவிங்லி தடுக்கவில்லை. பந்தியில் கையை நீட்டாதது அவருக்குப் பெருமை என்றால் இங்கே நீட்டாதது அவர் கணக்கில் பழி. 1530-இல் வந்த ஒழுக்க ஆணை ஞாயிறு ஆராதனைக்கு வருவதையே கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு காப்பெல் போர்க்களத்தில் சுவிங்லி மடிந்தார்.

மறுஞானஸ்நானக்காரர்கள் என்று தூற்றப்பட்ட இந்தக் கூட்டம் மலைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் ஓடியது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பேணிப் படித்த வேதம் ஃப்ரோஷாவர் பதிப்பு. 1744-இல்கூட அவர்களுக்காக அது ஸ்ட்ராஸ்பர்க்கில் மறுபதிப்பானது. சூரிச்சின் சீர்திருத்தச் சபை மான்ஸுக்கும் தோழர்களுக்கும் செய்த கொடுமையை ஒப்புக்கொண்டு ஆற்றங்கரையில் நினைவுக்கல் வைக்க 2004 ஆகிவிட்டது.

லெந்துச் சட்டத்தின் மிச்சக் கதையில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. சீர்திருத்த நாடான இங்கிலாந்தில் 1563-இல், எலிசபெத் அரசியின் அமைச்சர் செசிலின் முயற்சியால், வெள்ளி, சனியோடு புதன்கிழமையும் மீன் நாள் என்று சட்டம் வந்தது. இறைச்சி தின்றால் மூன்று பவுண்டு அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை. காரணம் ஆன்மா அல்ல, கடற்படை. மீன் விற்றால் மீனவர் பெருகுவர், மீனவர் பெருகினால் மாலுமிகள் கிடைப்பார்கள். பணம் படைத்தவர்கள் ஏழைகள் உண்டியலில் காசு போட்டு விலக்கு உரிமம் வாங்கிக்கொள்ளலாம். வெண்ணெய்க் கடிதத்தை நினைவுபடுத்தாமல் போகாது. இதையெல்லாம் மக்கள் பழைய நோன்பென்று நினைத்துவிடுவார்களோ என்ற கவலையில் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மீன் தின்பதும் இறைச்சியை விடுவதும் ஆன்ம ரட்சிப்புக்கு அவசியம் என்று பிரசங்கித்தாலோ எழுதினாலோ, பொய்ச்செய்தி பரப்பியதாகத் தண்டனை. புதன்கிழமை மீன் நாளை 1585-இல் கைவிட்டார்கள். வெள்ளியும் லெந்தும் சட்டப்புத்தகத்தில் நீடித்தன.