கன்சாய் பன்னாட்டு விமான நிலையம்

ஜப்பானின் ஒசாகா வளைகுடாவில், கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவின்மேல் அமைந்த விமான நிலையம். ஒசாகா, கியோத்தோ, கோபே நகரங்களுக்கு வெளிநாட்டுப் பயணத்தின் முதன்மை வாசல் இது. 1994 செப்டம்பர் 4 அன்று திறக்கப்பட்டது.

கடலுக்குள் போனதற்குக் காரணம் இரைச்சல். ஒசாகாவின் பழைய இத்தாமி விமான நிலையம் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்தது. ஜெட் விமானச் சத்தத்தால் தூக்கம் கெட்டவர்கள் தொடுத்த வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று. இரவும் பகலும் இயங்க வேண்டுமென்றால், அக்கம்பக்கம் இல்லாத இடம்தான் சரி.

1987இல் வேலை தொடங்கியது. அங்கே கடலின் ஆழம் சராசரியாக 18 மீட்டர். அதன் அடியில் நீர் கோத்த களிமண். மேலடுக்கில் சுமார் 10 லட்சம் மணல் குழல்களை இறக்கினார்கள். மேலே கொட்டிய மண்ணின் பாரம் அழுத்த, களிமண்ணிலிருந்த நீர் அந்த மணல் வழியாகக் கசிந்து வெளியேறியது. அதற்கும் கீழுள்ள பழங்களிமண்ணை அப்படிப் பதப்படுத்த முடியவில்லை. தீவு அமிழும் என்பது முன்பே தெரியும். கணக்கை மீறி அமிழ்ந்ததுதான் சிக்கல். திறந்த ஆண்டில் சுமார் 50 செ.மீ. இறங்கியது, இப்போது ஆண்டுக்கு 6 செ.மீ. அளவில் இறங்குகிறது. தூர்க்கத் தொடங்கிய நாள் முதல் கணக்கிட்டால் முதல் தீவு 13 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. நான்கு மாடி உயரம்!

ரென்சோ பியானோ வடிவமைத்த முதல் முனையத்தின் நீளம் சுமார் 1.7 கி.மீ. இத்தனை நீளக் கட்டடம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமிழாதே! ஆகவே சுமார் 900 தூண்களையும் ஜாக்கி வைத்துத் தூக்கும்படி அமைத்தார்கள். லாரிக்கு டயர் மாற்றுவதுபோலத் தூணைத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு செருகுவார்கள். 1995 கோபே நிலநடுக்கத்திலும் கட்டடத்துக்குப் பெரிய சேதம் இல்லை.

2007இல், பின்னர் தூர்த்து உண்டாக்கிய இரண்டாம் தீவில் 4,000 மீட்டர் ஓடுபாதையும், 2012இல் மலிவுக் கட்டண விமானங்களுக்கான இரண்டாம் முனையமும் வந்தன. கரையோடு இணைக்கும் பாலத்தில் மேல்தட்டில் சாலை, கீழ்த்தட்டில் ரயில்.

2018 செப்டம்பர் 4. திறந்து சரியாக 24 ஆண்டு. ஜெபி புயலில் கடல்நீர் ஓடுபாதையில் ஏறியது. நிலவறை மின்கருவிகள் மூழ்கின. நங்கூரம் நழுவிய எண்ணெய்க் கப்பல் பாலத்தில் மோத, ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் தீவில் சிக்கினர். மறுநாள் படகிலும் பேருந்திலும் கரை சேர்த்தார்கள். பின்னர் கடல்சுவர்கள் உயர்த்தப்பட்டன.

பயணிகளிடம் இந்நிலையத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது பெட்டிகளைக் கையாளும் விதம். திறந்த நாள் முதல் தங்கள் கையில் ஒரு பெட்டியும் தொலைந்ததில்லை என்கிறார்கள் நிலையத்தார். சுழல்பட்டையில் வரும் பெட்டிகளின் கைப்பிடிகூட எடுப்பவர் பக்கமாகவே திருப்பி வைக்கப்பட்டிருக்கும்.