காற்றின் மேல் பழி!

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், பிற்பகல் 3 மணி 48 நிமிடம். தெற்கு ஆஸ்திரேலியா என்னும் மாநிலம் முழுவதும், ஒரே வீச்சில் மின்விசை நின்றது. தலைநகர் அடிலெய்டில் டிராம் வண்டிகள் நடுவழியில் நின்றன. சாலைச் சந்திப்பு விளக்குகள் கண்மூடின. அலுவலகம் விட்டுக் கிளம்பியோர், கொட்டும் மழையில் வீடு போய்ச் சேரும் வழி தேடித் தவித்தனர். ஒரு தெரு இருண்டது, ஒரு பேட்டை இருண்டது என்பது நாம் கேட்டுப் பழகிய செய்தி. 17 இலட்சம் மக்கள் வாழும் மாநிலமே இருண்டது என்றால்! பலருடைய வீட்டில் அன்றிரவே விளக்கெரிந்தது என்றபோதிலும், வடக்கே ஒலிம்பிக் டாம் சுரங்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முடக்கம்.

அன்று வீசியது சாதாரணக் காற்றல்ல, சூறாவளிச் சுழல். உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கி நின்ற இரும்புக் கோபுரங்களில் இருபதுக்கு மேற்பட்டவை முறிந்து வீழ்ந்தன. முறிந்த கோபுரங்களின் படம் இதழ்களில் வந்தது. கண்ணுள்ளோர் அனைவரும் கண்டனர். எனினும் மறுநாளே, ஆஸ்திரேலியக் கூட்டரசின் தலைமை அமைச்சர் மால்கம் டர்ன்புல், மாநிலங்கள் காற்றையும் கதிரவனையும் நம்பி அளவுக்கு மீறிய இலக்குகளை வைத்துக்கொண்டுவிட்டன என்று குறை கூறினார். அம்மாநிலம் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைக் காற்றாலைகளினின்றும் பெற்றுவந்தது. போதாதா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது! காற்றாலை மிகுந்த நாட்டில் விளக்கணைந்தது. ஆகவே அணைத்தது காற்றாலைதான்! ஏடுகள் எழுதின, எதிர்க்கட்சியினர் முழங்கினர், நிலக்கரி முதலாளிகள் தலையசைத்தனர்.

பகுத்தறிவாளன் இத்தகைய வேளையில் என்ன செய்ய வேண்டும்? காற்றாலை நமக்குப் பிடித்தமானது, ஆகவே அதன்மீது குற்றமே இல்லை என்று எதிர்முழக்கம் செய்வதா? அதுவும் ஒருவகைக் குருட்டு நம்பிக்கையே. ஆராய வேண்டும். ஆராய்ந்தனர். மின்சந்தையை நடத்தும் அமைப்பு 2017 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதன் சாரம் இது: கோபுரங்கள் வீழ்ந்ததால், இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்தது. காற்றாலைகள் ஒவ்வொரு சரிவையும் தாங்கி நின்றன. ஆனால், குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் சரிவு ஏற்பட்டால் ஒதுங்கிக்கொள் என்று, அவற்றுள் பலவற்றில் ஒரு காப்பு ஏற்பாடு பொருத்தப்பட்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பது, மின்வலையை இயக்குவோர்க்கே தெரியாது! ஒன்பது காற்றாலைப் பண்ணைகள், ஏழு நொடிக்குள், 456 மெகாவாட்டைக் குறைத்துக்கொண்டன. அந்தச் சுமை முழுவதும், அண்டை மாநிலமாம் விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் இணைப்பின்மீது ஏறிற்று; இணைப்பும் தன்னைக் காத்துக்கொள்ள அறுத்துக்கொண்டது; மாநிலம் தனித்து நின்று, நொடியில் சாய்ந்தது.

குற்றம் காற்றில் இல்லை. கருவியில் இட்ட ஓர் எண்ணில் இருந்தது. எண்ணை மாற்றினர். ஆனால் உள்ளிருந்த பெரிய நோய் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. அதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இதே மாநிலத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின், தாமஸ் பிளேஃபோர்டு என்பவர் முதலமைச்சர். சமதர்மவாதி அல்லர், பழமைப் பற்றுள்ள கட்சியின் தலைவர். அந்நாளில் அடிலெய்டுக்கு மின்சாரம் தந்தது ஒரு தனியார் கம்பெனி. வேற்று மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் நிலக்கரியை நம்பியே அது உலை மூட்டியது. அங்கே வேலைநிறுத்தமென்றால் இங்கே விளக்கு மங்கும். உள்நாட்டிலேயே லீ க்ரீக்கில் நிலக்கரி கிடக்கிறதே, அதை எரியுங்கள் என்றார் பிளேஃபோர்டு. கம்பெனி இணங்கவில்லை. அவர் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை, கம்பெனியையே அரசுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தார். மேலவையிலே அமர்ந்திருந்த அவர் கட்சிச் சீமான்களே முதலில் தோற்கடித்தனர். விட்டாரில்லை, மீண்டும் கொண்டுவந்து 1946இல் நிறைவேற்றினார். தெற்கு ஆஸ்திரேலிய மின்சாரப் பொறுப்பாண்மைக் கழகம் பிறந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பின், அதே கட்சியைச் சார்ந்த ஜான் ஆல்சன், விற்கமாட்டோம் என்று 1997 தேர்தலில் கூறிவிட்டு, மறு ஆண்டே விற்க முனைந்தார். 1999, 2000 ஆண்டுகளில் அக்கழகம் துண்டு துண்டாக்கப்பட்டு நீண்டகாலக் குத்தகையாகத் தனியாரிடம் போயிற்று. தந்தை வாங்கிய நிலத்தைப் பிள்ளை அடகு வைத்த கதை! அதன்பின், எந்த நிலையம் ஓடும், எது நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது இலாபக் கணக்கு. போர்ட் அகஸ்டாவில் நின்ற நிலக்கரி நிலையம் கட்டுப்படியாகவில்லை என்று கூறி, உரிமையாளர் 2016 மே மாதம் மூடினர். மாநில அரசு செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலையில் இருந்தது என்று கூறினால் மிகையாகாது.

2017 பிப்ரவரி 8ஆம் நாள் நடந்தது இன்னும் வெட்கக்கேடு. வெப்பம் 40 பாகையைத் தாண்டிற்று. மின்சாரம் போதவில்லை. 100 மெகாவாட் சுமையைக் குறைக்கும்படி உத்தரவு. கணிப்பொறிக் கோளாறால் 300 மெகாவாட் வெட்டப்பட்டு, ஏறத்தாழ 90,000 வீடுகள் புழுங்கின. அதே மாலை, பெலிகன் பாயின்டு எரிவாயு நிலையத்தில், 200 மெகாவாட்டுக்கு மேல் தரவல்ல ஒரு பகுதி ஓடாமல் சும்மா நின்றது!

மறுநாள், தலைநகர் கான்பராவில், நாடாளுமன்றத்திலே, கூட்டரசின் நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன், கையிலே ஒரு நிலக்கரிக் கட்டியைத் தூக்கிக் காட்டி, இதைக் கண்டு அஞ்சாதீர்கள் என்று பேசினார். கை கறுத்துவிடாதிருக்க அக்கட்டிக்குப் பூச்சுப் பூசியிருந்தார்களாம்! நிலக்கரியைத் தோண்டுவோன் கையைப் பற்றி அவையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்போது மாநில முதலமைச்சர், தொழிற் கட்சியின் ஜே வெதரில். அவருக்கு முன் இரண்டு வழி. கூட்டரசு சொல்கிறபடி மீண்டும் கரியைத் தேடி ஓடுவது ஒன்று. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வழி காண்பது மற்றொன்று. மழை எல்லா நாளும் பெய்வதில்லை என்பதற்காக உழவைக் கைவிட்டானா நம் உழவன்? ஏரி வெட்டினான். 2017 மார்ச் 14ஆம் நாள், 55 கோடி டாலர் திட்டத்தை வெதரில் அறிவித்தார். அதில், மின்வலைக்கே ஒரு மாபெரும் மின்கலம் அமைப்பதும் ஒன்று. இரண்டு நாள் கழித்து, ஒரு விழாவில் கூட்டரசின் எரிசக்தி அமைச்சர் ஜோஷ் ஃபிரைடன்பர்க் பக்கத்திலேயே நிற்க, தம் மாநிலத்தைக் கூட்டரசு இழித்துரைப்பதை முகத்துக்கு நேரே கண்டித்தார். மாநில முதல்வர் ஒருவர் அப்படிப் பேசியதைத் தொலைக்காட்சியில் கண்டு அந்நாடே வியந்தது.

அமெரிக்க முதலாளி எலான் மஸ்க், ஒப்பந்தமான 100 நாளுக்குள் அமைக்காவிட்டால் இலவசம் என்று பந்தயம் கட்டியதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பந்தயத்தின் கதையையும் கேளுங்கள்: நாள் எண்ணத் தொடங்கியது 2017 செப்டம்பர் இறுதியில். அப்போதே பாதி மின்கலங்கள் நிறுவப்பட்டிருந்தன! வித்தைக்காரன் பையில் எப்போதும் ஒரு முட்டை முன்கூட்டியே இருக்கும். வேலை விரைவாய் முடிந்தது உண்மை. ஆனால் ஒரு தனி மனிதனின் மாயமன்று அது. ஏறத்தாழ 90 நிறுவனங்களிடம் கருத்துக் கேட்டு, நியோவன் எனும் பிரெஞ்சு நிறுவனத்தையும் டெஸ்லாவையும் தெரிந்தெடுத்து, பணத்துக்குப் பொறுப்பேற்றது மாநில அரசு.

அடிலெய்டுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூர். அதனருகே ஹார்ன்ஸ்டேலில் 99 காற்றாலைகள். அவற்றின் அடியில், 100 மெகாவாட் ஆற்றலும் 129 மெகாவாட்-மணி கொள்ளளவும் கொண்ட மின்கலம், 2017 டிசம்பர் 1ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. அவ்வகையில் அன்று உலகிலேயே பெரியது.

ஏளனம் முன்பே தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில், பயணிகளைக் கவர, சாலையோரத்தில் பெரிய வாழைப்பழம், பெரிய இறால் என்று பொம்மைகள் கட்டி வைப்பதுண்டு. இதுவும் அதுபோன்ற வேடிக்கைப் பொருள்தான் என்றார் மாரிசன். மாநிலம் முழுவதையும் இது சில நிமிடமே தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினர் சிலர். கணக்குச் சரி, கேள்வி தவறு. தீயணைக்கும் வண்டியிலுள்ள தண்ணீர் ஊரார்க்கு எத்தனை நாள் குடிக்கப் போதும் என்று யாரேனும் கேட்பாரா? ஆஸ்திரேலிய மின்வலை நொடிக்கு 50 முறை அலைகிறது. ஒரு பெரிய நிலையம் திடீரென நின்றால் அந்த எண்ணிக்கை சரியும். அளவுக்கு மிஞ்சிச் சரிந்தால், நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் விலகி, 2016 செப்டம்பர் மீண்டும் வரும். நீராவிப் பொறி சுழன்று வேகம் கூட்டுவதற்குள் சரிவைத் தடுத்து நிறுத்த வேண்டும். அந்தச் சில நொடிக்காகத்தான் மின்கலம்.

இரண்டு வாரத்தில் சோதனை வந்தது. டிசம்பர் 14 நள்ளிரவுக்குப் பின், விக்டோரியாவில் லாய் யாங் நிலக்கரி நிலையத்தின் 560 மெகாவாட் பொறியொன்று நின்றது. அலைவெண் 49.8க்குச் சரிந்தது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஹார்ன்ஸ்டேல், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் விழித்து மின்விசையைச் செலுத்தியது. செலுத்தியது 7 மெகாவாட் அளவே. மலையைப் பெயர்த்தது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் எந்தக் கரிப்பொறியும் அந்த வேகத்தில் விழித்ததில்லை. 2018 ஆகஸ்ட் 25இல் குவின்ஸ்லாந்து இணைப்பு அறுந்தபோது, நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் சுமை வெட்டப்பட்டது. பழி சுமந்த தெற்கு ஆஸ்திரேலியாவிலோ, மின்வலையினின்று பிரிந்து நின்றபோதும், வெட்டு இல்லை.

இத்துணைப் பயனுள்ளதாயின், சந்தையே தானாக இதைக் கட்டியிருக்காதா, அரசு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்போர் உண்டு. இங்கேதான் கருவான செய்தி இருக்கிறது. அந்நாளைய சந்தை விதிப்படி, விலை அரைமணி நேரச் சராசரியாகக் கணக்கிடப்பட்டது. ஒரு நொடியில் உதவியவனுக்கும் இருபது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தவனுக்கும் அரைமணிக்கு ஒரே விலை! விரைவுக்கு விலையே இல்லாத சந்தையில் விரைவை விற்க எவன் வருவான்? ஐந்து நிமிடக் கணக்கு நடைமுறைக்கு வந்தது 2021 அக்டோபரில். மிக விரைந்து உதவும் பணிக்கெனத் தனிச் சந்தை தோன்றியது 2023இல். தேசியச் சந்தையின் விதியைத் தனியே மாற்ற ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் தேவையான பணியை விலை கொடுத்து வாங்கும் உரிமை உண்டு. அதைத்தான் வெதரில் செய்தார். பத்து ஆண்டுகளில் 5 கோடி டாலர் வரை தருவதாக ஒப்பந்தம். மாற்றாக, 70 மெகாவாட் மாநிலத்தின் பாதுகாப்புக்கென ஒதுக்கம். மீதியைக் கொண்டு நிறுவனம் வாணிகம் செய்துகொள்ளலாம்.

அதற்கு முன், மாநிலம் தனித்துப் போகும் ஆபத்து நேர்ந்தபோதெல்லாம், அலைவெண் காக்கும் பணியில் 35 மெகாவாட்டை உள்ளூரிலேயே வைத்திருக்க வேண்டுமென்பது விதி. அதைத் தரவல்லவை எரிவாயு நிலையங்கள் சிலவே. அவை கேட்டதே விலை. இதனால் 2016இலும் 2017இலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி டாலர் மிகைச் செலவு ஏற்பட்டதாக ஆரேகான் எனும் பொறியியல் நிறுவனம் மதிப்பிட்டது. மின்கலம் வந்தபின் அந்த விதிக்கே வேலையில்லாமற் போயிற்று. பத்தாண்டுக்குக் கொடுப்பது 5 கோடி. ஓராண்டில் பறிபோனது 4 கோடி!

ஒன்று மட்டும் நெருடுகிறது. பிளேஃபோர்டு உடைமையாக்கினார், வெதரிலோ ஒப்பந்தம் போட்டார். உடைமை தனியாரிடமே நின்றது. 2019இல் ஜூலை முதல் நவம்பர் வரை, பணம் பெற்றுக்கொண்டு, தருவதாகச் சொன்ன காப்புப் பணியைத் தரும் நிலையில் மின்கலம் இல்லை என்று ஒழுங்குமுறை ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2022இல் கூட்டரசு நீதிமன்றம் 9 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. கண்காணிக்கும் ஆணையமும் வழக்கு மன்றமும் இல்லாதிருந்தால், தராத பணிக்கும் கூலி வாங்கிக்கொண்டே இருந்திருப்பர்.

2018 மார்ச்சில் வெதரில் தேர்தலில் தோற்றார். மாற்றுக் கட்சியின் ஸ்டீவன் மார்ஷல் முதல்வரானார். மின்கலத்தை விற்கவுமில்லை, பூட்டவுமில்லை. மின்சேமிப்புக்கெனத் தனி நிதியே ஏற்படுத்தினார். 2019 நவம்பரில், ஹார்ன்ஸ்டேலை 150 மெகாவாட்டாகப் பெருக்க, அந்நிதியிலிருந்து ஒன்றரைக் கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. விரிவுப்பணி நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, 2020 ஜனவரி 31இல் விக்டோரியாவில் புயல் கோபுரங்களைச் சாய்க்க, மாநிலம் இரண்டு வாரத்துக்கு மேல் தனித்தீவாய் நின்றது. இம்முறை மாநிலம் இருளவில்லை. இன்று அங்கே மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் காற்றும் கதிரவனும் தருபவை.

அந்த விரிவுப்பணிக்குக் கூட்டரசின் புதுப்பிக்கும் எரிசக்தி முகமை 80 இலட்சம் டாலர் நன்கொடை தந்தது. கூட்டரசின் நிதிக் கழகம் 5 கோடி டாலர் வரை கடனும் தந்தது. அப்போது கூட்டரசின் தலைமை அமைச்சராக வீற்றிருந்தவர், நிலக்கரிக் கட்டியைத் தூக்கிக் காட்டிய அதே ஸ்காட் மாரிசன்.