ஒரு சுரத்துக்குள் ஒரு கூட்டம்

ஒரே சுரத்தைப் புல்லாங்குழலிலும் வயலினிலும் வாசித்தால், கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுகிறோம். சுருதி ஒன்றுதான். பிறகு எப்படி வேறுபாடு தெரிகிறது?

இதைத்தான் சுரப்பண்பு என்கிறோம். வாத்தியம் எழுப்பும் சுரத்தில் அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு என மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. வாத்தியத்தின் உடல் அவற்றில் சிலவற்றை ஒத்ததிர்வால் பெரிதாக்குகிறது. கலவை மாறினால் குரலும் மாறும். ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் இதை விரிவாக நூலாக எழுதினார்.

ஆனால் ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் பலருக்குச் சுரப்பண்பு வெகுகாலம் மேற்பூச்சாகவே இருந்தது. சுரப்பண்புகளாலேயே ஒரு மெட்டு அமைக்கலாம் என்று 1911-இல் ஷோன்பெர்க் எழுதினார். 1950-களின் தலைமுறையோ சுரம், கால அளவு, ஒலியளவு எல்லாவற்றையும் வரிசைகளுக்குள் அடக்கியது. காகிதத்தில் அது கச்சிதமான ஒழுங்கு. காதுக்கு அந்த ஒழுங்கு எட்டியதா?

இப்படிக் கேட்டவர்களில் ஒருவர் பிரான்சின் ஜெரார் கிரிஸே (1946-1998). பாரிசில் மெஸ்ஸியானிடம் படித்தவர். 1973-இல் முராய், லெவினாஸ் முதலியோர் தொடங்கிய லிதினெரேர் குழுவில் இவரும் இணைந்து இயங்கினார்.

1975-இல் 18 கலைஞர்களுக்காக இவர் எழுதியது 'பார்சியேல்'. டிராம்போனின் தாழ்ந்த சுரம் ஒன்றை (சுமார் 82 ஹெர்ட்ஸ்) கருவியால் பகுத்து, அதில் எந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்த்தார். பிறகு அந்த மேற்சுரங்களை ஆளுக்கொன்றாக வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். முதலில் டிராம்போனும் டபுள் பாஸும் முழங்கும். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக மேலே சேரும். ஒரே சுரத்தின் உள்ளே நாம் நுழைந்துவிட்டது போலிருக்கும். திரும்பத் திரும்ப வரும்போது அந்த ஒலி மெல்லக் கலைந்து இரைச்சலை நோக்கி நகரும். இவ்வகை இசைக்கு 'நிறமாலை இசை' என்ற பெயர் நிலைத்தது. ஆறு பேர் மட்டும் வாசிக்கும் அவரது 'வோர்டெக்ஸ் டெம்போரம்' (1996) படைப்பில் பியானோவின் நான்கு சுரங்களைக் கால் சுரம் இறக்கிச் சுருதி சேர்க்கிறார்கள்.

அறிவியலை நம்பி இசை எழுதினால் உயிர் போய்விடும் என்பார்கள். 'பார்சியேல்' முடிவைப் பாருங்கள்: கலைஞர்கள் காகிதங்களைச் சலசலக்க வைக்கிறார்கள், வாத்தியங்களை மூட்டை கட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் சிம்பலை அடிக்கக் கைகளை விரிக்கிறார். விளக்கு அணைகிறது. அடி விழுவதில்லை. அந்த ஓசையை எதிர்பார்த்து நம் காது கூர்மையாகிறதே, அங்கேதான் அந்த இசை உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.