கடல் தாண்டிய சிறையும் கூகுள் வரைபடமும்

பிலடெல்ஃபியாவில் 1829-இல் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைக்குள் புதுக் கைதியை அழைத்துப் போகும்போது தலையோடு முகத்தையும் மூடும் துணி உறையை மாட்டிவிடுவார்கள். தான் எந்தக் கட்டடத்தின் எந்த மூலையில் இருக்கிறோம் என்பது அவனுக்கே தெரியக்கூடாது. வீட்டார் வந்து பார்க்கவும் அனுமதி இல்லை. 1971-இல் மூடப்பட்ட அந்தச் சிறையை இன்று எவரும் கூகுள் வரைபடத்தில் மேலிருந்து பார்க்கலாம். நடுக்கூடத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களாகக் கொட்டடி வரிசைகள் விரிகின்றன. கூகுள் 2005-இல் தன் வரைபடத்தில் செயற்கைக்கோள் படங்களைச் சேர்த்த பிறகு, சிறைப்பட்டவரின் மனைவியோ தாயோ அவர் இருக்கும் சிறையின் கூரைகளைத் தேடிப் பார்ப்பது மெல்ல ஒரு வழக்கமாகிவிட்டது. தொழில்நுட்பம் இதற்கு வசதி செய்து கொடுத்தது, அவ்வளவுதான். வழக்கத்தை உண்டாக்கியது, கைதியை வீட்டிலிருந்து எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோகும் அரசின் முடிவு.

இதற்கு ஹவாயைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்கிருந்து டெல்பர்ட் வாகினேகோனா என்ற கைதியைக் கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்கு மாற்றியதை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தான் இருக்கும் மாநிலத்திலேயே அடைக்கப்பட வேண்டும் என்று கேட்க ஒரு கைதிக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை, நடுவில் ஒரு கடலே இருந்தாலும் சரி என்று 1983-இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இது சொந்த மண்ணிலிருந்து துரத்துவதற்குச் சமம் என்று நீதிபதி தர்குட் மார்ஷல் மாறுபட்டு எழுதினார். என் கணிப்பில் சரியாகச் சொன்னவர் அவர்தான். தீர்ப்பு வந்து 12 ஆண்டுகளில், சிறைகளில் இடமில்லை என்று ஹவாய் அரசு 300 பேரை டெக்சாஸுக்கு அனுப்பியது. 2007-இல் அரிசோனாவின் ஈலாய் ஊரில், ஹவாய்க் கைதிகளை மனதில் வைத்தே சவாரோ என்ற தனியார் சிறை திறக்கப்பட்டது. ஹொனலூலுவிலிருந்து அது சுமார் 4,700 கி.மீ. விமானத்தை விட்டால் போக வழியில்லை.

அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினால் தெரிவது பாலைவன மண், சதுரம் சதுரமான வயல்கள், பக்கத்திலேயே வேறு சில சிறைகளின் நீண்ட கூரைகள். கடல் எந்தப் பக்கமும் இல்லை. தீவுகளைவிட அங்கே கடிகாரம் ஆண்டு முழுக்க 3 மணி நேரம் முந்தி ஓடுகிறது. மகாஹிகி என்ற தங்கள் பழைய திருநாளை ஹவாய்ப் பூர்வகுடிக் கைதிகள் அந்த வேலிக்குள்தான் கொண்டாடியிருக்கிறார்கள். கூரையைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது, ஆள் தெரியவில்லையே, இது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது அல்லவா என்று கேட்கலாம். ஆளைத் தேடி யாரும் வரைபடத்தைத் திறப்பதில்லை. படத்தைப் பார்த்த பிறகு, சில நிமிடத் தொலைபேசிப் பேச்சில் "முற்றம் எந்தப் பக்கம்? காலை வெயில் உங்கள் கட்டடத்தில் விழுமா?" என்று கேட்க முடிகிறது, கேட்டவருக்கு அந்த இடம் வெறும் முகவரியாக இல்லாமல் போகிறது. 1829-இன் துணி உறை மறைத்தது இதைத்தான்.

பாதுகாப்பைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. பிரான்சில் 2018-இல் ரெதுவான் ஃபயீத் என்ற கைதி ஒரு சிறையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பிய பிறகு, சிறைகளின் படங்களை மங்கலாக்கும்படி அந்த அரசு கூகுளைக் கேட்டுக்கொண்டது. அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் தப்பிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அந்தச் சிறைக்கு மேலே டிரோன்கள் பறந்ததைக் கண்டிருந்தார்கள். திட்டம் போடுகிறவனுக்கு வேண்டியது இன்றைய நிலவரம், என்றோ எடுத்த படம் அவனுக்குப் போதாது. ஒரு தாய்க்கு அந்தப் பழைய படமே போதும். 2012-இல் ஜாஷ் பெக்லி என்ற கலைஞர் அமெரிக்காவின் சுமார் 4,900 சிறைகளின் மேற்பார்வைப் படங்களைத் திரட்டினார். குடிமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இத்தனை கட்டடங்களையும் குடிமக்கள் பார்க்கக்கூடாது என்பதற்கு நியாயமான காரணம் இல்லை.

எனக்குக் கவலை வேறொன்றில் இருக்கிறது. திரையில் பார்த்தால் போதுமே என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு வந்துவிடக்கூடாது. அமெரிக்க மாவட்டச் சிறைகள் பலவற்றில் வீடியோ கால் வந்ததும் நேரில் பார்ப்பதையே நிறுத்தினார்கள். மினசோட்டா சிறைத்துறை, விடுதலையான 16,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உள்ளே இருந்தபோது யாராவது வந்து பார்த்திருந்தால், அவர்கள் மறுபடி பெருங்குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 13% குறைவு. செயற்கைக்கோள் படத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. வரைபடத்தை மக்களிடம் விட்டுவிடுங்கள். கைதிகளை ஊருக்குப் பக்கத்தில் வையுங்கள். ஹவாய் அரசு முதலில் செய்ய வேண்டியது, சவாரோவில் இருக்கும் தன் மக்களைத் தீவுகளுக்குத் திருப்பி அழைத்துக்கொள்வது.